சகனில் நாலாவது இடம்

தோல்கிட்டங்கித் தெருவில் கல்யாணமானாலும் இறந்தவருக்காக ஓதுகிற கத்தமானாலும் சோறு இலையில் விழாது, சகனில்தான் விழும். சகன் என்றால் ஈயம் பூசிய பெரிய செம்புத் தாம்பாளம். நடுவில் நெய்ச்சோற்றைக் குன்றுபோலக் குவித்து, உச்சியில் கறித்துண்டுகளை அடுக்கி, ஓரமாகத் தால்ச்சாவும் கத்தரிக்காய்ப் பச்சடியும் வைத்து, சுப்ரா என்னும் நீள விரிப்பின்மேல் இறக்குவார்கள். ஒரு சகனைச் சுற்றி நாலு பெண்கள் உட்காருவார்கள்.

அது நடக்கிற விதம் பார்க்க அழகாக இருக்கும். நாலு பேரும் அவரவர் பக்கத்திலிருந்து குன்றைக் குடைந்துகொண்டே உள்ளே போவார்கள். முதலில் ஒவ்வொருத்திக்கும் ஒரு குகை உண்டாகும். குகைக்கும் குகைக்கும் நடுவே சோற்றுச் சுவர் ஒன்று நிற்கும். சாப்பிடச் சாப்பிட அந்தச் சுவர் மெலிந்து, ஒரு கட்டத்தில் தானாகச் சரிந்து விழும். அதற்குப் பிறகு உன் பக்கம் என் பக்கம் என்று கிடையாது. கைகள் ஒன்றோடொன்று உரசும். ஒருத்தி கறித்துண்டை எடுத்து எதிரே இருப்பவள் பக்கம் தள்ளுவாள், அவள் திரும்பத் தள்ளுவாள். கடைசியில் சிறுமலை வாழைப்பழம் வரும், ஆளுக்கொன்று. பழம் வந்தால் சகன் முடிந்தது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாலு பேரில் ஒருத்தி எழுந்துவிட்டால் மற்ற மூவரும் எழுந்துவிட வேண்டும். மெதுவாகச் சாப்பிடுகிறவளைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதற்காக யாரோ நல்ல மனசுக்காரர்கள் வைத்த முறை இது. வேகமாகச் சாப்பிடுகிறவள் வயிறு நிறைந்த பிறகும் பருக்கை பொறுக்குவதுபோல விரலை அளைந்துகொண்டு காத்திருப்பாள். விருந்து கொடுக்கிற வீட்டுக்காரி மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் முதலில் எழக் கூடாது. எழுந்தால் விருந்தாளியை விரட்டியதாக ஆகும்.

ஆனால் எந்த நல்ல முறையையும் திருப்பிப் பிடிக்கலாம். காய் நறுக்குகிற கத்தி கையையும் நறுக்கும்.

ஜெய்தூன் பீவி பர்மாவிலுள்ள மௌல்மீனில் பிறந்தவள். அங்கே அவள் பெயர் மா செய்ன். திண்டுக்கல்லிலிருந்து தோல் வியாபாரத்துக்காகக் கப்பலேறிப் போன மைதீன் பிச்சை, முதல் மனைவி ஊரில் இறந்துபோன பிறகு அவளுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்து மார்க்கத்தில் சேர்த்து நிக்காஹ் செய்துகொண்டார். ஐம்பத்தொன்றாம் வருஷம் அங்கே வியாபாரம் ஓயவே, அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அப்போதே அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை. ஐந்து வருஷத்தில் அவர் மௌத்தாகிவிட்டார். மூத்த தாரத்து மகன் ஜமால் முகமது அவளுக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தான், அரிசி கொடுத்தான், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

வந்த புதிதில் அவள் ஒரு நாள் ஙாப்பி வறுத்தாள். ஙாப்பி என்பது கூனிறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. பர்மாவில் அது இல்லாமல் சோறு இறங்காது. சட்டி சூடேறிய கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேர் வீட்டுக்குப் பின்னாலும் சுண்ணாம்புக் குழிகள் இருந்தன. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் மயிர்க்கால் இளகும். பிறகு வளைந்த கத்தியால் வழித்தால் மயிரும் சவ்வுமாகக் கழன்றுவரும். அந்த வழித்த குப்பை அழுகுகிற வாடை, ஆவாரம்பட்டை ஊறுகிற வாடை, எல்லாம் சேர்ந்து ரயிலடி வரை போகும். பழகிய மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். புது வாடை வந்தால்தான் விழித்துக்கொள்ளும்.

"என்னத்த பொணத்தக் கிணத்த வேக வைக்கிறாளா?" என்றாள் கமர்ஜஹான்.

கமர்ஜஹான் அந்தத் தெருவிலேயே பெரிய கிட்டங்கிக்காரர் வீட்டு மருமகள். அவள் சொன்னால் தெரு சிரிக்கும். தெரு சிரித்தது.

ஜெய்தூன் ஙாப்பிச் சட்டியைக் குப்பைமேட்டில் உடைத்துப்போட்டாள். அதோடு விடும் என்று நினைத்தாள்.

அவள் போன முதல் விருந்தில் கமர்ஜஹானே முன்வந்து, "வா, ஒக்காரு" என்று தன் சகனில் அன்று காலியாக இருந்த இடத்தைக் கொடுத்தாள். ஜெய்தூனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிஸ்மில்லா சொல்லி ரெண்டு மூணு வாய்தான் உள்ளே போயிருக்கும். "அல்ஹம்துலில்லா" என்று கமர்ஜஹான் எழுந்துவிட்டாள். மற்ற இருவரும் எழுந்தார்கள். ஜெய்தூனும் எழுந்தாள். இந்த ஊர்ப் பெண்கள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த விருந்தில் வேறு மூன்று பேர் அவளை உட்காரவைத்தார்கள், அதே ரெண்டு மூணு வாயில் எழுந்தார்கள். அதற்கடுத்த விருந்தில், கைகழுவிவிட்டு நிற்கும்போது பக்கத்துச் சகன்களைப் பார்த்தாள். அங்கே சுவர்கள் விழுந்திருந்தன. கைகள் உரசிக்கொண்டிருந்தன. பழத்தட்டு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. யாரும் "எங்களோடு உட்காராதே" என்று சொல்லவில்லை. அழைத்தார்கள், உட்காரவைத்தார்கள், எழுந்தார்கள். எழுந்தவர்களுக்காகச் சமையல்கட்டில் தனியாக ஒரு சட்டி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. மைதீன் பிச்சை வீட்டுக்கு வந்து, "சாப்பாடு எப்படி?" என்று கேட்பார். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணயர்ந்த பிறகு பழைய சோற்றைப் பிழிந்து உப்புப் போட்டுத் தின்பாள்.

வயிற்றுப் பசி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் பெண்களின் சகன் கூட்டு நிலையானது. இளம் வயதில் சேர்ந்து உட்கார்ந்த நாலு பேர் சாகும் வரை சேர்ந்தே உட்காருவார்கள். நாலில் ஒருத்தி மௌத்தானால் மற்ற மூவரும்தான் மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டும். ஒருத்தி தண்ணீர் ஊற்றுவாள், ஒருத்தி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பாள், ஒருத்தி போர்த்திய துணிக்குள் கைவிட்டுத் தேய்ப்பாள். மூன்று பேர் இருந்தால்தான் மானம் விலகாமல் அது நடக்கும். கூட்டு இல்லாதவளுக்குப் பள்ளிவாசல் வழியாகக் கூலிக்கு ஒருத்தி வருவாள். அவள் தனி ஆள். உடம்பைத் திருப்ப முடியாமல் முழங்காலால் தள்ளித்தான் திருப்புவாள். அடுத்த வீட்டில் அநாதையாகக் கிடந்து போன ஒரு கிழவியை அவள் அப்படித் திருப்பும்போது தலை கல்லில் மோதிய சத்தத்தை ஜெய்தூன் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறாள். கணவர் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்தச் சத்தம்தான்.

அதனால் அவள் தன்னை மாற்ற ஆரம்பித்தாள். லுங்கியை மடித்துப் பெட்டிக்கடியில் போட்டாள். சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்ளப் பழகினாள். "வாரேன்", "போறேன்", "அம்புட்டுத்தேன்" எல்லாம் நாக்கில் ஏறின. உட்காருகிற விதத்தைக்கூட மாற்றினாள். பர்மாவில் பெண்கள் இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்துச் சாய்ந்து உட்காருவார்கள்; அதற்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டும். சகனில் ஒரு முழங்காலை நிமிர்த்திக் குறுகி உட்கார வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி உட்காரப் பழகினால் இடுப்பு எலும்பு கேட்காது. கேட்க வைத்தாள்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமலே தங்கிவிட்டது. யாருக்காவது எதையாவது நீட்டும்போது அவளுடைய இடதுகை தானாகப் போய் வலது முழங்கையைத் தொடும். பர்மாவில் அது மரியாதை. பெரியவர்களுக்கு வெறும் ஒற்றைக் கையால் எதையும் கொடுக்கக் கூடாது. அவள் உப்பு கொடுத்தாலும் அப்படி, சுண்ணாம்பு கொடுத்தாலும் அப்படி. கமர்ஜஹானின் கூட்டாளி சர்புன்னிசா, அவள் முதுகுக்குப் பின்னால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க மகாராணி" என்று நடித்துக் காட்டுவாள். ஜெய்தூன் திரும்பினால் கொட்டாவி விடுவாள்.

அறுபத்திரண்டில் கமர்ஜஹானின் கூட்டில் நாலாவதாக இருந்த நஜ்முன்னிசா படுத்த படுக்கையானாள். முதுகுப் புண்ணைத் துடைத்துவிட மற்ற மூவருக்கும் குமட்டியது. ஜெய்தூன் போய்த் துடைத்தாள். மாதக்கணக்கில் துடைத்தாள். நஜ்முன்னிசா போன பிறகு, அடுத்த விருந்தில் கமர்ஜஹான் அவளைப் பார்த்து, "அங்கிட்டு என்ன நிக்குறே? வா, வந்து ஒக்காரு" என்றாள்.

உட்கார்ந்தாள். ரெண்டு வாய், மூணு வாய். அடுத்த வாய் எடுக்காமல் காத்திருந்தாள். யாரும் எழவில்லை. கூட்டில் மூன்றாமவள் மெஹராஜ், அதிர்ந்து பேசாத சாது. அவள் பக்கத்துச் சுவர்தான் முதலில் சரிந்தது. ஜெய்தூன் கையும் மெஹராஜ் கையும் உரசின. பழம் வந்தது. கைக்கு அடக்கமான சின்னப் பழம். அதை உரிக்காமல் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"பழத்த என்ன அடகு வைக்கப்போறியா? தின்னு" என்றாள் சர்புன்னிசா. நாலு பேரும் சிரித்தார்கள். ஜெய்தூன்தான் அதிகமாகச் சிரித்தாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு அறுபத்துநாலு வந்தது. ரங்கூனில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ள, கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தோல்கிட்டங்கித் தெருக்காரன் முகமது பாரூக்கும் அப்படி வந்தான். மனைவி அங்கேயே பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகளோடும், அவர்களை வளர்த்த மாமியாரோடும் வந்து, கமர்ஜஹானுடைய கணவரின், அவள் வார்த்தையில் மாப்ளையின், கிட்டங்கியில் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலையில் சேர்ந்தான். மாமியாரும் அந்த நாட்டுக்காரிதான். பெயர் மா மியா. ஜெய்தூனைவிட ஓரிரு வயது இளையவள். தமிழ் ஒரு சொல் தெரியாது. வீட்டில் வேகிற சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, வடித்த கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தாள்.

தெருக்கிணற்றில் இராட்டினம் ஒன்று, கயிறு ஒன்று. ஒருத்தி இறைத்து முடித்ததும் கயிற்று நுனியை அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். கீழே விட்டால் கிணற்றுக்குள் ஓடிவிடும். ஒரு காலை ஜெய்தூன் இறைத்து முடித்துத் திரும்பினாள். அடுத்து நின்றது மா மியா. ஜெய்தூன் கயிற்றை நீட்டினாள்.

மா மியா கயிற்றைப் பார்க்கவில்லை. ஜெய்தூனின் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்த இடதுகையைப் பார்த்தாள். முகம் அப்படியே விரிந்தது. கடகடவென்று பர்மிய மொழியில் பேசினாள். அக்கா, நீங்கள் எந்த ஊர், எத்தனை வருஷமாயிற்று, நான் கப்பலில் இறங்கியதிலிருந்து ஒரு மனுஷியோடும் பேசவில்லை அக்கா என்றாள். ஜெய்தூனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கிணற்றைச் சுற்றி நின்ற பெண்களின் குடங்கள் சத்தமில்லாமல் நின்றதும் புரிந்தது.

"என்னம்மா சொல்றே? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றாள் தமிழில்.

மா மியா விடவில்லை. தன் இடதுகையால் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். சிரித்தாள். மறுபடியும் அக்கா என்றாள்.

"இவ என்னத்தையோ ஒளர்றா. கயித்தப் பிடிக்கச் சொல்லுங்கடி, எனக்கு வேலை கெடக்கு" என்று ஜெய்தூன் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். பின்னால் சர்புன்னிசாவின் குரல் வந்தது: "அப்பா! முழங்கைக்குக் கூட்டாளி வந்தாச்சு!"

வீட்டுக்கு வந்து ஜெய்தூன் தன் இடதுகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷம். அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் இடதுகையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து கமர்ஜஹானின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அதற்கு முந்தின நாள் கமர்ஜஹான் பின்கட்டு அறைக்கே வந்துவிட்டாள். அவள் அந்த அறைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. ஜெய்தூன் பாயை உதறி விரித்தாள்.

"ஒக்கார நேரமில்ல. நாளைக்கி மெஹராஜு வர மாட்டா. முட்டி வீங்கிக் கெடக்கு."

"பாத்துட்டு வந்தேன்க்கா. எண்ணெய் தேச்சு விட்டேன்."

"நம்ம சகன்ல ஒரு எடம் காலி. பாரூக்கு மாமியாள அதுல ஒக்கார வைக்கப்போறேன்."

ஜெய்தூன் தான் விரித்த பாயில் உட்கார்ந்தாள்.

"கூப்புடாம விட்டா பாரூக்குப் பய மொகத்தத் தூக்குவான். மாப்ளைக்கு அவன் உப்புத் தடவுனாத்தான் தோல் கெடாம இருக்காம். கூப்புட்டாச்சுன்னா அவ கைபட்ட சோத்த யாரு திங்கிறது? அதேன் ஒங்கிட்ட வந்தேன். விருந்து வைக்கிறவ நான் எந்திரிக்க முடியாது. சர்புன்னிசா எந்திரிச்சா நான் சொல்லி எந்திரிச்சான்னு பேசுவாக. நீ எந்திரிச்சா ஒரு நாயும் கேக்காது. அவளும் நீயும் ஒரே ஊருக்காரிக, ஒங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"நா அவகிட்டப் பேசுறதே இல்லையேக்கா."

"அதுதாம்டி நல்லது."

ஜெய்தூன் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "எப்ப எந்திரிக்கணும்?" என்று கேட்டாள்.

கமர்ஜஹான் வாசற்படியில் நின்று திரும்பினாள். "ஒனக்குத் தெரியாதா?"

கல்யாணச் சாப்பாட்டில் நாலு பேரும் சகனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மா மியா யாரிடமோ இரவல் வாங்கிய சேலையில் வந்திருந்தாள். இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றரை ஆள் இடம் போனது. சர்புன்னிசா தன் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, "எலே, கப்பல் கரை தட்டுது, ஒதுங்குங்க" என்றாள். பக்கத்துச் சகனிலும் சிரிப்புக் கேட்டது. மா மியாவும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, சேர்ந்து சிரித்தாள்.

நெய்ச்சோற்றின் ஆவி மேலே வந்தது. மா மியாவின் தொண்டை ஏறி இறங்குவதை ஜெய்தூன் பார்த்தாள். பசித்தவள் சோற்றைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பிஸ்மில்லா சொன்னார்கள். மா மியா உடனே சோற்றில் கைவைக்கவில்லை. உச்சியில் இருந்ததிலேயே நல்ல கறித்துண்டாக ஒன்றை எடுத்தாள். இடதுகையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, அதைக் கொண்டுவந்து ஜெய்தூன் பக்கத்துச் சோற்றின்மேல் வைத்தாள். அவர்கள் நாட்டில் முதல் துண்டு மூத்தவளுக்கு. அதை வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட ஆரம்பித்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஜெய்தூன் எத்தனையோ பேர் பக்கம் கறித்துண்டைத் தள்ளியிருக்கிறாள். அவள் பக்கம் ஒருத்தி தள்ளியது இதுவே முதல் தடவை.

ஜெய்தூன் ஒரு வாய் சாப்பிட்டாள். கறித்துண்டைத் தொடவில்லை. இன்னொரு வாய். எதிரே கமர்ஜஹான் சோற்றைத் தொட்டுத் தொட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் போகவில்லை. அவள் கண் மட்டும் நிமிர்ந்து ஜெய்தூனைப் பார்த்தது. மா மியா குனிந்தவள் நிமிரவில்லை. அவள் பக்கத்துக் குகை வேகமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ஜெய்தூனுக்கும் நடுவே இருந்த சுவரில் விரிசல் விட்டுவிட்டது. இன்னும் ஒரு வாய் எடுத்தால் விழுந்துவிடும்.

"அல்ஹம்துலில்லா" என்று ஜெய்தூன் எழுந்தாள்.

சர்புன்னிசா எழுந்தாள். கமர்ஜஹான், "அடடா, அதுக்குள்ளயா?" என்று வருத்தப்பட்டபடி எழுந்தாள். மா மியாவுக்கு முறை தெரியாது. அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துச் சகன்களில் கைகள் நின்றன. மூன்று பேர் நிற்க, ஒரு கிழவி மட்டும் தரையில் சாய்ந்து உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு முதலில் ஒரு மூலையில் ஆரம்பித்துக் கூடம் முழுக்கப் பரவியது.

"சொல்லுடி அவட்ட" என்றாள் கமர்ஜஹான்.

"எந்திரி" என்றாள் ஜெய்தூன்.

மா மியா வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். புரியவில்லை. தனக்கு இன்னும் சோறு வைக்கச் சொல்கிறாளோ என்று நினைத்து, போதும் என்று கையை ஆட்டிச் சிரித்தாள். கூடம் மறுபடியும் சிரித்தது.

"அவளுக்கு வெளங்குற பாஷைல சொல்லு. இம்புட்டு நேரமா நிக்க வைப்பே?"

ஜெய்தூன் குனிந்தாள். பர்மிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாள். எழுந்திரு.

அந்த மொழியைக் கேட்டதும் மா மியாவின் முகம் மலர்ந்தது. அர்த்தம் அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது. மலர்ந்த முகம் மலர்ந்தபடியே சிறிது நேரம் நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. நிற்கிற மூவரையும் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். ஜெய்தூன் பக்கத்தில் தான் வைத்த கறித்துண்டு வைத்த இடத்திலேயே கிடப்பதைப் பார்த்தாள். வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் விழுங்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

"பாத்தியா! கெணத்தடில வெளங்கலேன்னு சொன்னா, இப்ப வெளங்குது" என்று சர்புன்னிசா கைதட்டினாள்.

மா மியா போன பிறகு கமர்ஜஹான் ஜெய்தூனின் தோளைத் தொட்டாள். "செத்த நேரம் அடுப்படிக்கு வா."

சமையல்கட்டின் மூலையில் தட்டுப் போட்டு மூடிய ஒரு சட்டி இருந்தது. திறந்தால் நெய்ச்சோறும் கறியும் ஆவி பறந்தன. பக்கத்தில் ஒரு சீப்புப் பழம். அந்தச் சட்டியை ஜெய்தூன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். தன்னோடு உட்கார்ந்து எழுந்த அத்தனை பேரும் அத்தனை வருஷமும் எங்கே போய்ச் சாப்பிட்டார்கள் என்பது ஒரு சட்டியாக எதிரே இருந்தது. கமர்ஜஹான் அவளுக்கு அள்ளிப் போட்டாள். "சாப்புடு, பசிக்கும்ல."

பசித்தது. சாப்பிட்டாள். பழமும் தின்றாள்.

அடுத்த வருஷம் மெஹராஜுக்குக் காய்ச்சல் கண்டு, கண் மஞ்சளாகி, மௌத்தானாள். ஜெய்தூன்தான் துணிக்குள் கைவிட்டுத் தேய்த்தாள். கமர்ஜஹான் திருப்பிப் பிடித்தாள், சர்புன்னிசா தண்ணீர் ஊற்றினாள். மூன்று பேர் சேர்ந்தால் எவ்வளவு பாந்தமாக நடக்கிறது என்று ஜெய்தூன் பார்த்துக்கொண்டாள். தலை எந்தக் கல்லிலும் மோதவில்லை. தனக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தபோது, அழுகிற வீட்டில் அவள் மட்டும் ஆறுதலாக மூச்சு விட்டாள்.

மெஹராஜின் நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் போனபோது சகனில் நாலாவது இடத்தில் மா மியா உட்கார்ந்திருந்தாள். ஒரு முழங்காலை நிமிர்த்தி, குறுகி உட்கார்ந்திருந்தாள். முந்தானை தலையில் சரியாக இருந்தது.

ஜெய்தூன் கமர்ஜஹானைப் பார்த்தாள்.

"என்னடி பாக்குறே? மூணு பேரா ஒக்கார முடியும்? இவ வீட்டுக்கு வந்து எனக்குக் கால் பிடிச்சு விடுறா, பேத்திப் புள்ளயக் குளிப்பாட்டி விடுறா. கெட்டிக்காரி. எல்லாம் படிச்சுக்கிட்டா. அதோட அவ ஒனக்குத் தொணைதான" என்றாள் கமர்ஜஹான். சர்புன்னிசா மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பிஸ்மில்லா சொன்னார்கள். ஜெய்தூன் ஒரு கறித்துண்டை எடுத்தாள். பிறகு அதை மா மியா பக்கம் வைத்தாள். கமர்ஜஹானும் சர்புன்னிசாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எத்தனையோ நாளாக இடுப்பில் கட்டிப்போட்டிருந்த இடதுகை வலது முழங்கையைப் போய்த் தொட்டது.

மா மியா அந்தக் கையைப் பார்த்தாள். கறித்துண்டைப் பார்த்தாள். ஒரு வாய் சோறு எடுத்தாள், இன்னொரு வாய் எடுத்தாள். கமர்ஜஹான் விரலை நக்கிக்கொண்டிருந்தாள். ஜெய்தூனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயில் இருந்ததை அவசரமாக மென்று, இன்னொரு பிடி அள்ளினாள்.

"அல்ஹம்துலில்லா" என்று மா மியா எழுந்தாள்.

மற்ற இருவரும் எழுந்தார்கள். ஜெய்தூன் பிடித்த பிடியோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் இருந்த சுவர் அப்படியே நின்றது. கூடத்தில் தலைகள் திரும்ப ஆரம்பித்தன.

"எந்திரிங்கக்கா" என்றாள் மா மியா. திண்டுக்கல் தெருவில் பிறந்து வளர்ந்தவள் சொல்வதுபோல அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள்.

"யாத்தே! இம்புட்டுச் சீக்கிரமா படிச்சுக்கிட்டா!" என்றாள் சர்புன்னிசா. பெண்கள் சிரித்தார்கள்.

ஜெய்தூன் பிடித்த சோற்றைச் சகனில் உதிர்த்துவிட்டு எழுந்தாள். முற்றத்தில் கைகழுவ மா மியாதான் கிண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். வலதுகையில் கிண்டி, இடதுகை இடுப்பில். ஊற்றி முடித்ததும் மூவரும் சமையல்கட்டுப் பக்கம் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஜெய்தூன் ஈரக்கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றாள். உள்ளே தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிழிந்து உப்புப் போட்டாள். தண்ணீர் ஊற்ற ஒருத்தி, திருப்பிப் பிடிக்க ஒருத்தி, தேய்க்க ஒருத்தி. நாளைக்குத் தனக்கு யார் எதைச் செய்வார்கள் என்று பிரித்துப் பார்த்தாள். கமர்ஜஹானுக்கு இடுப்பு வலி, குனிய மாட்டாள். சர்புன்னிசாவுக்கு அருவருப்பு அதிகம். துணிக்குள் கைவிடப்போவது மா மியாதான். அந்தக் கைகள் எப்படித் தேய்க்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, ஜெய்தூன் சோற்றை அள்ளி வாயில் போட்டாள். கூட்டு என்னவோ நிறைந்துதான் இருந்தது.